நூறு புள்ளி அகலம்

பாஸ்போட் அளவுப் படத்தை முழுப் பக்கத்துக்கு இழுக்கக் கூடாது. இதை இருபது வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன், ஒருவர்கூடக் காதில் போட்டுக்கொண்டதில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நடந்தது இங்கிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

வேலணையில் என் கடை. கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ் எல்லாம் செய்வேன். ஆனாலும் என் முக்கிய வேலை கல்வெட்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தேவாரம், இறந்தவரின் வரலாறு, குடும்பப் படங்கள். தேவாரத்தில் ஒரு வரி விடுபட்டால் ஒருவருக்கும் தெரியாது. படம் சின்னதாக வந்தால் மட்டும் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் அழைப்பு வரும்.

படம் என்பது புள்ளிகள். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி இருந்தால் அச்சில் மூக்கும் முழியும் அப்படியே நிற்கும். எழுபத்திரண்டு இருந்தால் மாக் கரைத்த மாதிரி இருக்கும். கணினியில் மூலையைப் பிடித்து இழுத்தால் படம் பெரிதாகும், புள்ளி கூடாது. இருக்கிற புள்ளிதான் வீங்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். ஆனால் முகநூலில் கிடந்ததைத் திரையோடு படம் பிடித்து, வட்ஸ்அப்பில் நாலு பேரைச் சுற்ற விட்டு, கடைசியில் எனக்கு அனுப்பி, "வடிவாப் பெரிசாப் போடுங்கோ" என்று கேட்கிற எஞ்சினியர்மாரையும் டொக்டர்மாரையும் நான் கண்டிருக்கிறேன்.

சுருவில் கிராமத்துச் சிவபாதம் 2022 இல் இறந்தார். ஒருகாலத்தில் தெற்கே கடை வைத்திருந்தவர். மூத்த மகன் வாகீசன் ரொறன்ரோவில். மகள் பிரியவதனி தாயோடு சுருவிலில். இளையவன் றஜீபன் 2006 இல் தகப்பனின் கடையிலிருந்து ஊருக்கு வரப் பஸ் ஏறினவன், வந்து சேரவில்லை. அவனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றவை 2008 புயல் வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டன. தாய் இராசமணி அந்த ஒற்றைப் படத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார்.

அன்றைக்கே வாகீசன் அழைத்தார்.

"அண்ணை, தம்பியின்ரை படத்தையும் அப்பான்ரை அளவுக்குப் போடுங்கோ."

சின்னப் படம், கவனமாக ஸ்கான் செய்ய வேண்டும், ஒரு நாள் பிடிக்கும் என்றேன்.

"என்ன அண்ணை, ஒரு படம்தானே. உதென்ன பெரிய வேலையே? எப்பிடி எடுத்தாலும் எல்லாம் ஒண்டுதான்."

நான் கோபப்படவில்லை. எல்லாம் ஒன்றுதானா என்று பரீட்சித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். எனக்காக ஆயிரத்திருநூறு புள்ளியில் ஒரு ஸ்கான் எடுத்து வைத்தேன். அவர்களுக்காக எழுபத்திரண்டில் ஒன்று. நூறு புள்ளி அகலம், நூற்றிருபத்தெட்டு உயரம், முழு முகமும் அதற்குள். கல்வெட்டில் அதைத்தான் போட்டேன். அதையே பளபளப்புத் தாளில் பாஸ்போட் அளவில் அச்சடித்து, ஓரத்தை நகத்தால் தேய்த்துப் பழசாக்கி, அதே பொலித்தீன் உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மூலப்படம் என் அலுமாரியில் இருந்தது. முந்நூறு கல்வெட்டுப் போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல வடிவா வந்திருக்கு அண்ணை" என்று வாகீசன் செய்தி போட்டார்.

அதற்குப் பிறகு மற்ற ஊர்க்காரரையும் அப்படியே பரீட்சித்துப் பார்த்தேன். சரவணை, நயினாதீவு, எழுவைதீவு. என் அலுமாரியில் முப்பத்தேழு மூலப்படங்கள் இருக்கின்றன, பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் இருந்திருந்தால் சந்தனம் பூசி, பசை ஒட்டி, மிச்சத்தைக் கறையானுக்குக் கொடுத்திருப்பார்கள். வித்தியாசம் தெரியாத ஆட்களிடமிருந்து நான் எதை எடுத்துவிட்டேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2023 மாசியில் தெற்கே ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இருந்த ஒரு மனிதரின் படம் வட்ஸ்அப்பில் சுற்றியது. பேச்சில்லை, பெயர் தெரியாது, தமிழ்ப் பேப்பரைக் கண்டால் கை நீட்டி வாங்குவாராம். தாடி, ஒட்டிய கன்னம், வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு தழும்பு. இராசமணி அதைக் கண்டதும் தன் மகன் என்றார். ஏழு வயதில் பனங்கருக்கு வெட்டிய தழும்பாம். முதலில் பழைய படம் ஒன்றைக் காட்டுங்கள், பொருந்தினால் மற்றச் சோதனைகளுக்குப் போகலாம் என்று இல்லத்துக்காரர் சொன்னார்கள்.

இராசமணி ஓட்டோ பிடித்து என் கடைக்கு வந்தார். உறையைப் பிரித்துப் படத்தை மேசையில் வைத்தார்.

"தம்பி, நான் தந்த படம் இதுதானே?"

"ஓம் அம்மா, அதே படம்தான்."

"இதிலை பிள்ளையின்ரை புருவத் தழும்பைக் காணேல்லை. முந்தி இருந்தது. ஒவ்வொரு நாளும் பாத்தனான்."

"பழைய படம் மங்கும் அம்மா. உங்கடை கண்ணும் மங்கியிருக்கும்."

என் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"கிட்டக் கொண்டுபோகப் போகப் பிள்ளை இல்லாமல் போறான், தம்பி."

அது மிகச் சரியான அவதானம். இருபது வருடத்தில் என் கடைக்கு வந்தவர்களில் அதை விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அதற்காக அந்தப் பூதக்கண்ணாடியை அவரையே வைத்திருக்கச் சொன்னேன்.

மறுநாள் வாகீசன் வீட்டிலிருந்த படம், இல்லத்துப் படம் இரண்டையும் எனக்கு அனுப்பினார். "நீங்கள்தான் உதிலை கெட்டிக்காரர். ஒருக்கால் ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்கோ. அம்மாவின்ரை கதையை நம்பி ஆரோ ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வர ஏலாது." தரம் குறையாமல் அனுப்புங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் என் ஆயிரத்திருநூறு ஸ்கானைத் திறந்து, இல்லத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தழும்பு அதே இடம், அதே சரிவு. காதின் மடிப்பும் ஒன்று. அந்த மனிதர் றஜீபன்தான். அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்களிடம் இருக்கிற படத்தில் அந்தத் தழும்பு இல்லை" என்று பதில் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. மூலப்படம் எங்கே என்று அவர் கேட்டிருக்கலாம். எத்தனை புள்ளியில் எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாதவருக்கு நான் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்?

அது தங்கள் ஆள் இல்லை, சோதனை ஒன்றும் வேண்டாம் என்று வாகீசன் வீட்டார் இல்லத்துக்கு அறிவித்துவிட்டார்கள். ஆனி மாதம் அந்த மனிதர் காய்ச்சலில் இறந்தார். பெயர் தெரியாதவர் என்று பதிந்து அங்கேயே புதைத்தார்கள். இராசமணி வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் படத்தையும் பூதக்கண்ணாடியையும் நீட்டிக் கொண்டிருந்தார். தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிரியவதனி கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே கொடுத்த குளிசைகளில் அவர் பாதி நாள் தூங்கினார். அடுத்த தை மாதம் காலமானார்.

கல்வெட்டு வேலை எனக்குத்தான் வந்தது. இராசமணியின் முழுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மகனின் முழுப் பக்கம் வேண்டும் என்றார்கள். நூறு புள்ளிப் படத்தை அங்கே வைத்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. என் பெயர் போட்டு வெளியே போகிற வேலை. ஆகையால் நல்ல ஸ்கானைப் போட்டேன். இதற்குத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மோசமான படத்தைப் போட்டிருந்தால் இன்று நான் கடையில் இருந்திருப்பேன்.

முப்பத்தோராம் நாள் காலை பிரியவதனி கல்வெட்டுக் கட்டுகளை எடுக்க வந்தார். மேல் பிரதியை விரித்தவர் தம்பியின் படம் இருந்த பக்கத்தைத் தாண்டவில்லை. புருவ மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. விரலால் தழும்பைத் தொட்டார். "அண்ணை, இது எங்காலை வந்தது?" என்று கேட்டார். உங்கள் தம்பியின் மூலப்படம், அலுமாரியில் இருந்தது என்றேன். கேட்டால் நான் மறைப்பதில்லை. அவர் கதிரையில் அமர்ந்து, அந்தப் பக்கத்தின் மேல் முகத்தை வைத்து அழுதார். நான் மனநிறைவடைந்தேன் என்று எழுதினால் நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் என் வேலையின் தரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட முதல் ஆள் அவர்தான்.