காதோடு சொன்ன காட்சிகள்

இந்த வருடம் வந்த நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு நீளம் அதிகம். ஒன்றில் ராஜா வேடக்காரர் சாவதற்கே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார். என் பக்கத்து இருக்கைப் பெண் கொட்டாவி விட்டுவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். படங்கள் தேவலாம். கலங்கரை விளக்கத்துக் காவலாளியைப் பற்றிய படத்தில் கடலை நன்றாக எடுத்திருந்தார்கள். கடைசியில் அவன் மனைவி பேச்சே இல்லாமல் படியேறி அவனிடம் திரும்பி வருகிறாள். அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அவள் படகேறிப் போய்விட்டாள் என்று என் கணவரிடம் சொன்னேன். வீடு வரும்வரை அவர் அதை நினைத்துக் கலங்கிக்கொண்டே வந்தார். படம் அதனால் மேம்பட்டது என்றே நினைக்கிறேன்.

அவருக்குப் பார்வை இல்லை. வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. வசனம் அவருக்குக் கேட்கும். வசனம் இல்லாத இடங்களை நான் காதோடு சொல்வேன். அடுத்த பேச்சு வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும், முன்வரிசைக்காரர் திரும்பி முறைக்கவும் கூடாது. போகப் போகத் தேறிவிட்டேன்.

கண் இருந்த நாட்களில் அவர் என்னை எங்கும் அழைத்துப் போனதில்லை. "உனக்கு இதெல்லாம் போரடிக்கும்," என்பார். எங்கள் மகளைத்தான் கூட்டிப் போவார். திரும்பி வந்து, நான் பரிமாறப் பரிமாற, இரண்டு பேரும் என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள்.

"அந்த இடத்துல திரும்பினா பாருங்கப்பா."

"அதைச் சொல்லு. அடடா."

எந்த இடம், யார் திரும்பினாள் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் நாடகக் குழுவில் சேர்ந்து வேறு ஊருக்குப் போனாள். அங்கே ஒரு கண் டாக்டரைக் கண்டுபிடித்தது அவள்தான். உடனே அறுவை சிகிச்சை செய்தால் இடது கண் பிழைக்கும், தள்ளிப்போட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்றாராம். அவள் குழு எங்கள் ஊருக்கு நாடகம் போட வந்தபோது, மறுநாளே அப்பாவைக் கையோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர் பெட்டியை அவரே தடவித் தடவி அடுக்கினார்.

"கண்ணு வந்துட்டா உனக்கு இந்தத் தொல்லை இல்லை. நானும் பாப்பாவும் போயிட்டு வந்துடுவோம்," என்றார்.

எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

நாடகம் நகைச்சுவை. மகளுக்கு வேலைக்காரி வேடம். முதலாளியாக வந்தவரின் டோப்பா, கோட் மாட்டும் கொக்கியில் சிக்கி அங்கேயே தொங்கிவிட்டது. அவர் வழுக்கைத் தலையோடு கம்பீரமாக நடந்தார். அரங்கமே சிரித்தது. மகள் கையில் தட்டோடு ஓரமாக நின்றிருந்தாள்.

"என்ன, என்ன நடக்குது?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லை, விடுங்க."

"சொல்லேன்."

"பாப்பா உங்களை மாதிரி நடந்து காட்டுறா."

அவர் கை என் கைமேல் இருந்தது. அடுத்த சிரிப்பு வந்தது. சுவரைத் தடவிக்கொண்டே போகிறாள் என்றேன். அதற்கடுத்த சிரிப்புக்கு, காலால் துழாவிச் செருப்பைத் தேடுகிறாள் என்றேன். அவர் செருப்பைத் தேடும் விதம் வீட்டு மனிதர்களுக்கு மட்டுமே தெரியும். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் மகள் அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் ஓடி வந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"தத்ரூபமா இருந்துச்சும்மா."

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானேப்பா," என்று அவர் தோளில் சாய்ந்தாள்.

சின்ன வயதில் அவரோடு பார்த்த நாடகங்களை நினைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. குறுக்கே பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

"காலைல வண்டி வந்துடும், ரெடியா இருங்க."

"நான் வரலை. இருக்கிறது போதும்."

அவள் என்னைத் தனியே இழுத்தாள். "என்னம்மா ஆச்சு இவருக்கு?"

"ஆபரேஷன்னா பயப்படுறார். வற்புறுத்தாதே," என்றேன்.

அதன்பிறகு போனில் அவள் குரல் கேட்டாலே அவர் எழுந்து போய்விடுவார். காரணம் சொல்லமாட்டார், எதையும் சொல்லிக்காட்டுகிற மனிதர் இல்லை அவர். அது எனக்குத் தெரிந்ததுதான். காலையில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்காருவது அவர் வழக்கம். ஒருநாள் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இன்னும் விடியலையா?" என்று கேட்டார். வெயில் கட்டில்வரை வந்திருந்தது. "இல்லைங்க, படுங்க," என்றேன். படுத்துக்கொண்டார்.

போன வாரம் மகள் வந்தாள். கதவைத் திறந்ததும், சொல்லாதே என்று ஜாடை காட்டினாள். குரல் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவாரே. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். அவர் நாற்காலிக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில் நின்றாள். சட்டைப் பொத்தானை அவர் மாற்றிப் போட்டிருந்தார். அவள் கை அதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"யாரு வந்திருக்கா?" என்றார்.

"யாருமில்லைங்க. காத்துல கதவு ஆடுது."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நேராக அவளை நோக்கியே சொன்னார். "பாப்பாவோன்னு நினைச்சேன். அவ வந்தா நான் இல்லைன்னு சொல்லிடு."

அவள் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு, பின்பக்கமாகவே, அவரைப் பார்த்தபடியே நடந்து வெளியே போனாள். இந்த வருடம் நான் பார்த்தவற்றில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. பாவம் அவர், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.