ஷெரில் வரைய வேண்டிய நண்டுகள்

என் தங்கை ஷெரில் போனைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவாள். இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான். உங்கள் வீட்டிலும் இருக்கும். கண் திரையில் இருக்கும், கை தானாகத் தட்டுக்கும் வாய்க்கும் போய் வரும். தட்டில் இருந்தது நெத்திலியா கத்தரிக்காயா என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

என் பெயர் மேத்யூ. கணக்கு வாத்தியார், போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஷெரில் எனக்குப் பதினைந்து வயது இளையவள். அப்பா அம்மா போன பிறகு, சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். அடையாறில் தமிழ்நிலா என்று ஒரு பெண் இருக்கிறாளே, உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள், அவள் கதை எழுதுவாள், ஷெரில் படம் போடுவாள். கடைசியாக அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு நண்டுக் குடும்பத்தின் கதை. கரையில் இருந்த வளை இடிந்துபோய், ஊருக்கு வெளியே புது வளை தேடிப் போகிற நண்டுகள். கதை கைக்கு வந்து மாதக்கணக்காகியும் ஒரு நண்டுகூட வரையப்படவில்லை.

காலையில் மேசைமுன் உட்காருவாள். “மத்தவங்க எப்படிப் போட்டிருக்காங்கன்னு கொஞ்சம் பாத்துட்டு ஆரம்பிக்கறேண்ணா” என்பாள். எங்கேயோ ஜப்பானில் ஒருத்தி நண்டு வரைவாள், அதைப் பார்ப்பாள். அதற்குக் கீழே ஒருவன் கடல் வரைவான், அதையும் பார்ப்பாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது தாள் வெள்ளையாகவே இருக்கும். முகம் மட்டும் வாடியிருக்கும்.

ஒருநாள் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அழுதுவிட்டாள். “என்னால முடியலண்ணா. பாத்துக்கிட்டே இருக்கேன், கை வரமாட்டேங்குது. இந்தப் போனை நீயே வாங்கி வச்சுக்கோ. நான் கேட்டாலும் தராத. கெஞ்சினாலும் தராத.”

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பித்தது நான் இல்லை.

போனை வாங்கிப் பூட்டி வைத்தேன். அந்த வாரமே அப்பா நண்டு வந்தது, அம்மா நண்டு வந்தது. இரண்டுக்கும் என்ன ஒரு முகம் தெரியுமா. ஷெரில் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். “தேங்க்ஸ்ணா” என்று என் தோளில் தலையைச் சாய்த்தாள். வாத்தியார் வேலையில் அத்தனை வருடம் இருந்தும் ஒருவருக்கு நான் உண்மையில் உதவியதாக அப்போதுதான் உணர்ந்தேன்.

பிறகு அவள் வரைவதை மறுபடி நிறுத்திவிட்டாள். ஏன் என்று கவனித்தேன். பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டுகிறாள். டிவி பார்க்கிறாள். பத்திரிகைகளைக் கடையில் போட்டேன், டிவி இணைப்பைத் துண்டித்தேன். இதைப் பற்றி இணையத்தில் நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். ஹாலில் உட்கார்ந்து, காதில் இயர்போனைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டேன். உள்ளே வாங்குவதைக் குறைத்தால்தான் வெளியே வரும் என்று எல்லோருமே ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஷெரில் எவ்வளவு வாங்குகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. மீன் கொண்டுவரும் தேவானையோடு கேட்டில் நின்று பேசினால் அரை மணி நேரம் பேசுவாள். தெருவில் போகிறவர்களைப் பார்ப்பாள். அதுவும் பார்ப்பதுதானே.

பின்பக்கம் அப்பாவின் படுக்கையறை காலியாக இருந்தது. மேசை, தாள், வர்ணம், கட்டில், ஒரு குடம் தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்தேன். குளியலறை உள்ளேயே இருக்கிறது, குழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும். பக்கத்து மனையில் ஃப்ளாட் கட்டுகிறார்கள், நாள் முழுக்க டிரில்லிங் சத்தம். அவளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று ஜன்னலில் பழைய மெத்தையை வைத்து, மேலே பிளைவுட் அடித்தேன். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

முதலில் அவள் சிரித்தாள். “விளையாடாதண்ணா, திற” என்றாள். அப்புறம் கத்தினாள். பக்கத்தில் டிரில் ஓடும்போது எனக்கே கேட்கவில்லை. அவள் கெஞ்சிய அன்று, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கடற்கரையில் அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு படம் தந்தால் ஒரு வேளை சாப்பாடு. அவ்வளவுதான் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் எழுதாத பேப்பருக்கு யாரும் மார்க் போடுவதில்லை. நியாயமாகச் சொன்னால் சாப்பாடும் உள்ளே வாங்குவதுதான்.

முதலில் தந்தாள். கதவடியில் தாள் வரும், நான் பார்த்துவிட்டுத் தட்டை வைப்பேன், குடத்தை நிரப்புவேன். போகப்போகக் கோடு நடுங்க ஆரம்பித்தது. நண்டுக்கு ஒரு பக்கம் கால்களே இல்லை. இதை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் அவளை ஏமாற்றியது போல் ஆகியிருக்கும். திருத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். திருத்தவில்லை. சில நாள் தாளே வரவில்லை. அவள் பிடிவாதக்காரி என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்நிலா தேடிக்கொண்டு வந்தாள். ஷெரிலின் போனிலிருந்து நான்தான் அவளுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அது அவளுக்குப் போதவில்லை போலிருக்கிறது. காபி கொடுத்து, “ஷெரில் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கா. திரும்பி வந்ததும் படமெல்லாம் ரெடியாயிடும்” என்றேன்.

“எங்கிட்ட சொல்லாம போகமாட்டாளே சார்.”

“மனசு சரியில்லைன்னு சொன்னா.”

அப்போது உள்ளேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. பக்கத்து மனையில் தச்சு வேலை நடக்கிறது என்றேன். தமிழ்நிலா காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனாள். அந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

தேவானைதான் விடவில்லை. “இன்னா சார், பாப்பாவ ஆளயே காணோம்? ஒடம்புக்கு எதுனா கீதா?” என்று வருகிறபோதெல்லாம் கேட்பாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால், “ஊருக்குப் போற பொண்ணு செருப்ப உட்டுட்டா போவும்?” என்று வாசலைப் பார்ப்பாள். செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். அது தப்பாகப் போயிற்று. செருப்பு திடீரென்று மறைந்ததைப் பார்த்துத்தான் அவள் தமிழ்நிலாவைத் தேடிப் போயிருக்கிறாள்.

நீங்கள் வந்து கதவைத் திறந்தபோது நான் தடுக்கவில்லை. சாவியும் பூட்டும் இல்லை, வெறும் தாழ்ப்பாள்தான் என்று நானே சொன்னேன். தேவானை ஓடிப்போய் அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, “ஐயோ, எடையே இல்லியே, எடையே இல்லியே” என்று அரற்றினாள். முந்தின நாளே உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பட்டினி என்று எழுதியிருக்கிறார். அந்த வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் அரிசி இருந்தது, மீன் இருந்தது. தமிழ்நிலா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கினாள். நான் திருப்பி அனுப்பியவை போக எல்லாம் வெள்ளைத் தாள். கடைசியில் அவள் எதையுமே வரையவில்லை.

முந்தின நாள் மத்தியானம் அவள் கதவைத் தட்டினாளா என்று கேட்டீர்கள். தட்டினாள். பலமாக இல்லை, உள்ளங்கையால். “அண்ணா, தண்ணி” என்றாள். குடத்தில் தீர்ந்திருக்க வேண்டும். இயர்போன் ஒரு காதில்தான் இருந்தது, அதனால் தெளிவாகவே கேட்டது. நான் ஹாலில் ஒரு ஓவியருடைய பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் படைப்பைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம், சொந்தமாகப் படைப்பதற்கு எவ்வளவு நேரம் என்று அருமையாகப் பிரித்துச் சொன்னார். ஷெரிலுக்கு உபயோகப்படும் என்றுதான் பார்த்தேன். முடிந்ததும் எழுந்து போகலாம் என்றிருந்தேன். முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.