பதினோரு வீடுகளும் பார்த்த ஆட்டம்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். நாளை வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் பதினோரு வீட்டு வரிசையின் கூட்டத்தில் நான் பேச வேண்டியதை இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒருவர் காதில் விழுந்தாலும் என்னைப் பேச விடமாட்டார்கள். நான் நஜ்ஜெம்பா. நான்காம் வீடு, பதினாறு வயது. அம்மா திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறாள். விளக்கு ஏற்றாமல் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நம் வரிசையின் முத்திரையைத் தம் சட்டைப்பையில் சுமக்கும் மதிப்பிற்குரிய தலைவர் செருஞ்சோகி ஐயா அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் பெரியோர்களே! விடியும் முன்னே வாழைக்காய் உரித்து, வேகவைத்து, வேலைக்கும் ஓடும் தாய்மார்களே! மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கூட்டம் கேட்கும் அண்ணன்மார்களே! இரண்டு நாளாக யாரும் பக்கத்தில் உட்காராத ஐந்தாம் வீட்டுக் கொமாகெச் அண்ணா அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் நின்றுகொண்டு பேசுகிறேன். பெண்பிள்ளை பெரியவர்கள் முன் மண்டியிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். பல ஆண்டுகள் மண்டியிட்டிருக்கிறேன். முழங்காலில் தழும்பு இருக்கிறது. ஆனால் மண்டியிட்டுப் பேசினால் மன்னிப்புக் கேட்க வந்தவள் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மன்னிப்பும் கேட்பேன். அது கடைசியில்.

(இங்கே அம்மா எழுந்து என் கையைப் பிடித்து இழுப்பாள். உட்காரக் கூடாது.)

அந்த வேலையைச் செய்தது கொமாகெச் அண்ணா அல்ல. நான். நான்! இன்னொரு முறை சொல்லவா? நஜ்ஜெம்பாவாகிய நான்!

எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். வாக்குப்பதிவு வாரம் வந்தது. அரசாங்கம் இணையத்தில் காணொளிகளையெல்லாம் மூடியது. செய்தி போகும், பணம் போகும், படம் மட்டும் வராது. அதே வாரத்தில்தான், இணையத்தில் மட்டுமே காட்டும் நம் கால்பந்து அணியின் ஆட்டமும் வந்தது. சுவீடனில் இருக்கும் என் அத்தையை அழைத்தேன். அத்தை சொன்னாள்: "அடியே, என் டிவிக்குக் கீழ ஒரு குட்டிப் பெட்டி வெச்சிருக்கேன். உங்க வீட்டுலேருந்து அதுக்கு ஒரு வழி போட்டுட்டா, நீ என் வீட்டுல உட்காந்து பாக்கிற மாதிரி. இங்க கொட்டுற பனியில அந்தப் பெட்டி ஒண்ணுதான் சூடா இருக்கு, சும்மா கிடக்குது, எடுத்துக்கோ."

நம் வரிசை முழுவதற்கும் இணைய இணைப்பு ஒன்றுதான். அதன் பெட்டி எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. அத்தை சொல்லச் சொல்ல வழி போட்டேன். ஆனால் முதல் நாள் எல்லாவற்றையும் அந்த வழியிலேயே அனுப்பிவிட்டேன். என்ன ஆயிற்று? கைபேசி வழியாக வரும் பணத்தை எடுத்துக் கொடுக்கும் என் அம்மாவின் கடைக் கணக்கைக் கம்பெனி அன்று பூட்டிவிட்டது. அம்மா தெருவில் நின்று கத்தியது நினைவிருக்கிறதா?

"நான் ஐரோப்பாவுல உட்காந்து பணம் எடுக்கிறேனாம்! கம்பெனிக்காரன் சொல்றான்! டேய், நான் இங்க வெயில்ல வெந்துக்கிட்டிருக்கேன்டா!"

கிய்ஸா அண்ணா, பணம் எடுக்கக் கடை முன் காத்து நின்றபடியே நீங்கள் கேட்டீர்கள்: "ஐரோப்பா அக்கா, அடுத்த விமானத்துல எனக்கும் ஒரு சீட்டுப் பிடிச்சு வையுங்க!"

சிரியுங்கள். அன்றும் சிரித்தீர்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து வழியைப் பிரித்தேன். படம் மட்டும் அத்தை வீட்டு வழி. பணம், பாடம், கடிதம் எல்லாம் நம் தெரு வழி. மறுநாள் அம்மாவின் கடை திறந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி இந்த ஊரில் உண்டா என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன், மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். யாரோ சரிசெய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராத பெரிய தொலைக்காட்சியைக் கொமாகெச் அண்ணா தம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து தூக்கி வந்தார். பதினோரு வீடுகளும் முற்றத்துக்கு வந்தன. நல்வோகா அம்மா, நீங்கள் நிலக்கடலை வறுத்துக் கொண்டுவந்தீர்கள். தலைவர் ஐயா, உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: "சத்தத்தைக் கூட்டு கொமாகெச்! கோல் போட்டா கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா, காதுலயும் விழணும்யா!"

எழுபத்தெட்டாவது நிமிடம். பந்து வலைக்குள் பாய்ந்தது. நாம் பாய்ந்து எழுந்தோம். ஊரே ஊமையாய்க் கிடந்த இரவில் ஒரே ஒரு வரிசை மட்டும் கத்தியது. எந்த வரிசை? நம் வரிசை! யார் கத்தியது? கொமாகெச் ஒருவரா?

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு பேர் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. கையில் ஒரு தாள். தாளில் ஒரு பெயர்.

அந்தத் தாள் எப்படி வந்தது தெரியுமா? அது என் பிழை. படத்தை அத்தை வீட்டு வழியில் அனுப்பினேன், சரி. ஆனால் படம் வருவதற்கு முன்னால் நம் பெட்டி ஒரு கேள்வி கேட்கும்: "இந்தப் படக்காரர் வீடு எங்கே இருக்கிறது?" படம் காட்டும் தளத்தின் விலாசம் கேட்கும் அந்தக் கேள்வியைப் பிரித்து அனுப்ப மறந்துவிட்டேன். அது நம் தெரு வழியிலேயே போய்க் கேட்டது. ஒளிந்து போகிறவள் நாற்சந்தியில் நின்று உரக்க வழி விசாரித்தது போல. ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொன்றும் பதிவானது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் பதிவானது.

இணைப்பு ஏன் கொமாகெச் அண்ணா பெயரில்? நீங்களே சொல்லுங்கள். இணைப்பு வாங்கிய அன்று நம் எல்லோர் அடையாள அட்டையிலும் ஏதோ ஒரு கோளாறு. ஒன்று காலாவதி, ஒன்றில் பிறந்த ஆண்டு தப்பு. எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி பெயர் இருந்தவர் அவர் ஒருவர்தான். நாம் கேட்டோம், அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு இன்று நாம் கொடுக்கும் கூலி என்ன?

வந்தவர்களிடம் தலைவர் ஐயா சொன்னீர்கள்: "வியாழக்கிழமை கூட்டம் போட்டு, செஞ்சவன் பேரை எழுதி முத்திரை வெச்சுக் கொடுத்துடறோம்." அவர்கள் போனார்கள். அப்புறம் குழாயடியில் உங்களில் சிலர் என் காதுபடப் பேசினீர்கள்.

"வடக்கேருந்து வந்தவன்தானே? கம்பியை நோண்டுறது அவன்தான். வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்?"

"கொமாகெச்னா அவங்க பாஷையில கெட்ட நேரமாம், அதையே பேரா வெச்சுக்கிட்டுத் திரியறான். நம்ம மேலயும் ஒட்டிக்கிட்டா?"

"அவன் ஒருத்தன் போனா நம்ம பத்து வீடும் தப்பிக்கும் அக்கா. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

யார் சொன்னது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னவர்கள் இப்போது தரையைப் பார்க்கிறார்கள்.

நேற்று கொமாகெச் அண்ணாவின் கடைக்குப் போனேன். ஈயம் பற்றவைக்கும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "நான் சொல்லிடறேன் அண்ணா" என்றேன்.

"என்னத்த சொல்லப்போற?"

"நான்தான்னு."

"உனக்குக் கணக்குல எத்தனை மார்க்கு?"

"தொண்ணூத்தாறு."

"பொய் மார்க்கு. நீ சொன்னா நீயும் மாட்டுவ, இணைப்பு என் பேர்ல இருக்கறதால நானும் மாட்டுவேன். ரெண்டு. சொல்லாட்டி ஒண்ணு. இது தெரியல, தொண்ணூத்தாறாம்!"

"உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா என்ன பண்ணுவாங்க?"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். கடைக்குள் இருந்த கைபேசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாருடையது என்று பெயர் எழுதி ஒட்டத் தொடங்கினார். ஏன் என்றேன். "நான் இல்லாட்டியும் அவங்கவங்க பொருள் அவங்கவங்களுக்குப் போய்ச் சேரணும்ல?" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாய்மார்களே, அதில் மூன்று கைபேசிகள் உங்களுடையவை. குழாயடியில் பேசியவர்களுடையவை.

பெரியோர்களே! அண்ணாவின் கணக்கு சரியான கணக்கு. ஆனால் சிறிய கணக்கு. ஒன்று என்றால் தூக்கிப்போவார்கள். இரண்டு என்றாலும் தூக்கிப்போவார்கள். பதினொன்று என்றால்? பந்தாட்டம் பார்த்ததற்காகப் பதினோரு வீட்டையும், குழந்தையும் கிழவரும் தலைவரும் சேர்த்து, எந்த வண்டியில் ஏற்றுவார்கள்? எந்த அறையில் அடைப்பார்கள்?

அந்தக் கடிதத்தை எழுதுங்கள் ஐயா. முத்திரையும் வையுங்கள். ஆனால் ஒரு பெயர் எழுதாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்த அத்தனை பேர் பெயரையும் எழுதுங்கள். பார்க்காதவர் யார்? கை தூக்குங்கள். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்பவர் யார்? கை தூக்குங்கள்!

(இங்கே நிறுத்தி எண்ண வேண்டும். ஒரு கைகூட உயராது. உயர்ந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.)

கத்தும்போது ஒரே குரலாய்க் கத்தினோமே, கையெழுத்துப் போடும்போது மட்டும் ஏன் தனித்தனி? அன்று அவர் பெயரை நாம் இரவல் வாங்கினோம். இன்று நம் பெயரை அவருக்குத் தர வேண்டாமா? முதல் பெயர் என்னுடையது. பிழை செய்தவள் நான், முதலில் நிற்கவேண்டியவளும் நான். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. தலைவர் ஐயா, பேனா இதோ.

இப்போது மண்டியிடுகிறேன். அம்மா, உங்களிடம் சொல்லாமல் செய்ததற்கு மன்னியுங்கள். அண்ணா, உங்கள் பெயரைத் தெருவில் விட்டதற்கு மன்னியுங்கள். இவ்வளவு நேரம் ஒரு சிறுபெண்ணுக்குக் காது கொடுத்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி, உங்கள் வீடுகள் பதினொன்றும்

கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் கதவு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஐந்தாம் வீடு. செவ்வாய்க்கிழமை வந்தவர்களின் குரல், கொமாகெச் என்று பெயர் சொல்லித் தட்டுகிறார்கள். நாளை மாலைக் கடிதத்துக்குக் காத்திருப்பதாகத்தானே போனார்கள்? அண்ணா தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. நாளைக்குக் கூட்டம் இருக்காது. இந்தத் தாள்களை நோட்டிலிருந்து கிழித்துக் கையில் எடுத்துக்கொள்கிறேன், வாசலில் எத்தனை பேர் நின்றாலும் உரக்கப் படிப்பேன், முதல் வரியிலிருந்து