தாலிக்கு ஒரு அர்ச்சனை

“ஹலோ... ஹலோ, புகழ்? ... கேக்குது, கேக்குது. நீ கத்தாத, வெளியில கேக்கும். ... இல்ல, மாடியிலதான் இருக்கேன். வடாம் காயுது, குரங்கு வராம பாத்துக்கோன்னு அம்மா உக்கார வெச்சிருக்காங்க. ... ஆமா, ஆமா, தனியாத்தான். ... பயமாத்தான் இருக்கு.”

ஒரு கையில் குரங்கு விரட்டும் கழி, இன்னொரு கையில் செல்போன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தியிருந்தாள் தாட்சாயிணி. மாசி வெயிலில் அப்பாவின் பழைய வேட்டி மேல் ஜவ்வரிசி வடாம் வரிசை வரிசையாக முறுகிக்கொண்டிருந்தது. வயது இருபத்துநாலு, தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், அண்ணாமலையார் கோயில் சோமசேகர குருக்களின் ஒரே பெண். நாளைக் காலை பர்வதமலை ஏறி, உச்சியில் புகழேந்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இன்று மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

“நீ மறுபடியும் முதல்லேருந்து சொல்லு. சொல்லேன், எனக்குத் தைரியம் வரட்டும். ... ம். ஆறு மணி பஸ். ... ம். கடலாடி வழி வேணாம், தென்மாதிமங்கலம். ... கீழ நீயும் உன் ஃப்ரெண்டு செழியனும் நிப்பீங்க. ... ஷூ வாங்கியாச்சு, தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். பாறையில இரும்பு அடிச்சு வெச்ச அந்தக் கடப்பாறைப் படிதான் எனக்கு... கீழ பாத்தா தலை சுத்தும், இப்பவே சொல்லிட்டேன். கையை விடக் கூடாது. ... நீ வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டுப் போயிருப்ப, அவங்க வேற. நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குறவ.”

புகழேந்தி பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரன். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளியூர் ஆட்களை மலை மலையாக ஏற்றி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. போன வருஷம் அவன் அழைத்துப் போன ஒரு வெளிநாட்டு ஜோடி, நாலு பேரைக்கூடக் கூட்டாமல் மலையுச்சியில் மோதிரம் மாற்றிக்கொண்டு இறங்கி வந்தது. அந்த ஆசை அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. எந்த மலை என்று தீர்மானித்தது மட்டும் தாட்சாயிணி. பர்வதமலை உச்சியில் சாமிக்கு நாமே தண்ணீர் ஊற்றலாம், நாமே பூப் போடலாம், இடையில் யாரும் வேண்டாம். குருக்கள் பெண் தேடித் தேடிக் கண்டுபிடித்த இடம், குருக்கள் தேவைப்படாத இடம்!

“அங்கயும் குரங்கு ஜாஸ்தியா? ... அப்ப தாலியைப் பையில வெக்காத. கவரைப் பாத்தாலே பிடுங்கும். சட்டைப் பாக்கெட்ல வெச்சு... ஆமாடி கவி, ஹால் டிக்கெட் ரெண்டு காப்பி எடுத்துக்கோ. போட்டோ ஒட்டணும்டி, மறந்துடாதே!”

மாடிக் கதவில் அம்மாவின் தலை தெரிந்தது.

“கவிநிலாதாம்மா பேசறா. நாளைக்கு வேலூர்ல எக்ஸாமோன்னோ, அதைத்தான் பேசிண்டிருக்கோம். ... திருப்பிப் போட்டுட்டேன்மா. ... இல்லம்மா, ஒண்ணுகூட எடுக்கலை, நான் இங்கதானே இருக்கேன். ... சரி. ... சரிம்மா, வரேன், அஞ்சு நிமிஷம்.”

வீட்டுக்கு ஒரு தமிழ், புகழேந்திக்கு ஒரு தமிழ். இரண்டு வருஷமாக இந்தக் கூத்துதான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட வாய் குழறியதில்லை. இன்றைக்கு ‘அம்மா’ என்னும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா ஒரு வடாத்தை எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

“போயிட்டாங்க. ... புகழ், நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காம கேளு. அப்பா சரியில்ல. ... உடம்புக்கு இல்ல. கோயில்லேருந்து ஒரு மணிக்கு வந்தாரு, சாப்பிடல. தட்டு முன்னாடி உக்காந்தாரு, எழுந்துட்டாரு. அப்பறம் கைலாஷைப் பூஜை ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு. ... என் தம்பியை எனக்குத் தெரியாதா? என் ஜடையை ஒரு இழுப்பு இழுக்காம வாசப்படி தாண்டமாட்டான். இன்னைக்கு வெளிய வந்தவன் என் மொகத்தையே பாக்கல. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். ... மனப்பிராந்தியா? இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும். என் மனப்பிராந்தியாவே இருந்துட்டா நான் நூத்தியெட்டு தேங்கா ஒடைக்கிறேன்.”

அவள் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டுவது நின்றது.

“என்னது? ... திரும்பச் சொல்லு. ... எங்க போன? ... கோயிலுக்கா? எதுக்கு? ... அர்ச்சனையா! ... தாலியைத் தட்டுல வெச்சா? ஐயோ புகழ், யாரு பண்ணச் சொன்னா உன்னை? ... உங்க அக்கா சொன்னா? சாமி பாதத்துல வெக்காத தாலியைக் கட்டக் கூடாதுன்னு அக்கா சொன்னா, நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? ... ஆமா, நான்தான் சொன்னேன். நேத்தோட கோயில்ல அப்பாவோட பூஜை முறை முடிஞ்சுதுன்னு நான்தான் சொன்னேன். இந்த வாரம் எதிர்வீட்டுக் குருக்கள்தான் இருக்கணும். ஆனா அவங்க வீட்ல நேத்து கொழந்தை பொறந்துடுச்சு. தீட்டு. பத்து நாளைக்கு அவரு உள்ள போக முடியாது, அவருக்குப் பதிலா அப்பா நிக்கிறாரு. எனக்கே மத்தியானம்தான் தெரியும்.”

எழுந்து போய் மாடிக் கதவருகே படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“இரு. பதறாத. நான்தான் பதறுறேன், நீயாவது பதறாத. எந்த சன்னதி? ... அம்மன். ... பேரு கேட்டாரா? ... என்ன பேரு சொன்ன? ... ஏன்டா நெஜப் பேரைச் சொன்ன? வள்ளின்னு சொல்லக் கூடாதா, தேவானைன்னு சொல்லக் கூடாதா! ... அது சரி. சாமிகிட்ட பொய் சொல்ல வரல. நல்ல எடம் பாத்து உண்மை பேசின. ... கோத்திரம்? ... உனக்கு சிவ கோத்திரம், சரி. எனக்கு? ... கௌசிகமா. அதை மட்டும் எப்படி ஞாபகம் வெச்ச? ... நட்சத்திரம்? ... என்ன? அஸ்தமா?”

ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“புகழ், நான் சித்திரை. அஸ்தம் இல்ல, அதுக்கு அடுத்தது. கட்டிக்கப் போறவ நட்சத்திரம்கூடத் தெரியாது உனக்கு. ... இல்ல, இல்ல, திட்டல. நல்லதுதான். நெஜமாவே நல்லது. பெத்தவருக்குப் பொண்ணு நட்சத்திரம் தெரியாதா? அஸ்தம்னதும் இது வேற யாரோ ஒரு தாட்சாயிணின்னு நெனச்சிருப்பாரு. இருக்கலாம்ல? ... அர்ச்சனை பண்றப்ப அவரு வாயால என்ன நட்சத்திரம் சொன்னாரு? ... மணிச் சத்தத்துல கேக்கலையா. ... சரி விடு. முதல்ல அது அப்பாதானான்னு பாப்போம். அங்க நாலு பேர் நிப்பாங்க. நீ அவரை ஒரே ஒரு தடவை, அதுவும் அவரு சட்டை போட்டிருந்தப்பதான பாத்திருக்க. ... ஒல்லியா? ... எல்லாரும் ஒல்லிதான் புகழ்! இடது கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்துச்சா? கற்பூரத் தட்டு சுட்டு... ச்சூ! போ! போடா! ச்சூ!”

தொட்டி மேல் ஒரு பெரிய தாட்டான் குரங்கு. கழியை ஓங்கியதும் அது பக்கத்து மாடிக்குத் தாவியது. போகிற போக்கில் கைக்குக் கிடைத்த வடாத்தை அள்ளிக்கொண்டது. அம்மா திட்டுவாளே என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

“குரங்கு. போயிடுச்சு. ... சொல்லு. துணி இருந்துச்சா?”

அவள் மெதுவாகச் சுவரில் சாய்ந்தாள்.

“...இருந்துச்சா.”

“...இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன். ... தட்டைத் திருப்பிக் குடுக்கிறப்ப ஏதாவது சொன்னாரா? ... குடுக்கலையா? ... ராத்திரி பாதத்துலயே இருக்கட்டும்னாரா? நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கச் சொன்னாரா? ... புகழ், போகாத. என் மேல சத்தியமா போகாத. தாலியை யாரும் அப்படி ராத்திரி தங்க வெக்க மாட்டாங்க. குருக்கள் வீட்ல பொறந்தவ சொல்றேன், அப்படி ஒரு வழக்கமே கிடையாது. உன்னை அங்க வரவெக்கத்தான். ... யாரா இருந்தா என்ன, கைலாஷ் நிப்பான், மாமா நிப்பாரு. மாமாவைப் பத்தி உனக்குத் தெரியாது. ... தாலி போனா போகுது. ஒரு மஞ்சக் கயிறும் ஒரு மஞ்சக் கெழங்கும் போதும். ... இரு, இரு. அம்மா மறுபடியும் வராங்க. ... ஆமாடி கவி, பென்சில், ரப்பர் எல்லாம் நான் எடுத்துக்கறேன், நீ...”

வந்தது அம்மா இல்லை.

சோமசேகர குருக்கள் மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவளைப் பார்க்கவில்லை. வடாத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து, முன்பே பார்த்து வைத்தவரைப் போல நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது அந்தப் புது ஷூ இரண்டும் அவர் கையில் இருந்தன.

“அப்பா... கவிநிலாப்பா. நாளைக்கு... எக்ஸாம்...”

அவர் கையை நீட்டினார்.

“கவிநிலாதாம்ப்பா...”

நீட்டிய கை அப்படியே இருந்தது. அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டே போனைக் கொடுத்தாள். அடி விழவில்லை. அப்பாவின் குரல்தான் கேட்டது, அவளைவிட மெதுவாக.

“ஹலோ... புகழேந்திதானே? ... வெச்சுடாதே. வெச்சுடாதேப்பா. தாட்சாயிணியோட அப்பா பேசறேன். ... அதெல்லாம் அப்பறம், நேரம் கம்மி. நாளைக்குக் காலையில கோயில் பக்கமே வராதே. ... ஆமா, நான்தான் வரச் சொன்னேன். உன்னைப் பிடிச்சுக் குடுக்கத்தான் சொன்னேன். ஆத்திரம். ஆத்துக்கு வந்து பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கப்பறம், வண்டியில சீட்டுக்கு அடியில அவன் என்ன வெச்சான்னு ஜன்னல் வழியா பார்த்தேன். ... வேண்டாம். அதை என் வாயால சொல்லலை.”

தாட்சாயிணி கண்ணைத் திறந்தாள். பேசும்போதே அப்பாவின் கண் தாழ்ப்பாள் பக்கம் போய்ப் போய் வந்தது. அப்பாவுக்கும் பயம். அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது.

“மாமாவை அழைச்சுண்டு வரப் போயிருக்கான், பஸ் ஸ்டாண்டுக்கு. அரை மணிக்குள்ள வந்துடுவான். ... இன்னிக்கே. இப்பவே. நாளைக்கு இவ வாசலைத் தாண்ட முடியாது. ... ராத்திரி எங்க தங்க வெப்பே? ... கலசப்பாக்கமா? உங்க அக்கா நல்லவளா? ... சரி. சரி. ஆட்டோவைத் தெருவுக்குள்ள கொண்டு வராதே, குளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்து. கொல்லைப்புறமா இவளை நான் அனுப்பறேன்.”

அவர் ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். குங்குமம் மடித்துக் கொடுக்கும் காகிதம். அதை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். உள்ளே தாலியின் முனை குத்தியது.

“தாலியை இவ கையில குடுத்துட்டேன். ... இல்ல, இல்ல. நீ ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எனக்கு இதுல சம்மதம் இல்லை. நாளைக்கும் இருக்காது. என் பிள்ளை ஜெயிலுக்குப் போகக் கூடாது, நீ சாகக் கூடாது, இவ கண்ணால அதைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். ... பர்வதமலையா? மேல எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேள்? ... பத்தரையா. ... நான் எப்படிப்பா வருவேன்? நாளைக்கும் அங்க நான்தான். பத்தரைக்கு அம்பாள் முன்னாடிதான் நிப்பேன். ... ம். ... இரு.”

தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. குருக்கள் கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். தாட்சாயிணி சுவருக்குக் கீழே குனிந்துகொண்டாள். பைக் வேகம் குறையாமல் வீட்டைத் தாண்டிப் போனது.

“...அவன் இல்லை. நீ கிளம்பு. பேசிண்டே நிக்காதே. வெக்கறேன். ... ஆங், ஒண்ணு.”

அவர் அவளைப் பார்க்காமல் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“காலையில நீ அஸ்தம்னே. இவ அஸ்தம் இல்லை, சித்திரை. ரெண்டாம் பாதம். அத்தனை ஆத்திரத்துலயும் எனக்கு வாயில சித்திரைன்னுதாம்ப்பா வந்தது. அர்ச்சனை சரியாத்தான் ஆயிருக்கு.”

துணி சுற்றிய கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினார். குனிந்து, அவள் காலடியில் ஷூவை வைத்தார்.