ஒன்றும் இரண்டும்

இல்லை சார், டீ நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். சரி, கூட்டலைப் பற்றித்தானே கேட்டீர்கள்?

என் மனைவியின் தங்கைக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். கற்பூரப் புத்தி அவளுக்கு. "சீக்கிரமே உங்கள ஓரங்கட்டிடுவேன் அத்தான்" என்பாள். "அவர் ஏற்கெனவே ஓரத்துலதான்டி நிக்கிறார்" என்பாள் என் மனைவி. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில், வலி மருந்தின் அளவைக் கணக்கிடும் பக்கத்தை அவளிடம் ஒப்படைத்தார்கள். வழக்கமான அளவுக்கு ஒரு பெட்டி, கூடுதல் அளவுக்கு ஒரு பெட்டி. நர்ஸ் நிரப்பினால் மொத்தம் நேராக மருந்து பம்புக்குப் போய்விடும். எழுதி முடித்ததும் முதலில் என்னிடம்தான் காட்டினாள்.

பெட்டியில் அடிப்பது நமக்கு எண். கணினிக்கு அது வெறும் எழுத்து. பெருக்கச் சொன்னால் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும், கழித்தாலும் அப்படியே. கூட்டச் சொன்னால் மட்டும் பக்கத்தில் ஒட்டிவைக்கும். ஒன்றும் இரண்டும் பன்னிரண்டு. நாம்தான் முதலில் மாற்றித் தர வேண்டும். அவள் பெருக்கலையும் கழித்தலையும் சோதித்திருந்தாள்.

"கூட்டலையும் பாக்கணுமா அத்தான்? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு அது."

"வேண்டாம்மா" என்றேன்.

தானே தடுக்கி விழுந்தால் மறக்க மாட்டாள். நல்ல வாத்தியார் அப்படித்தான் செய்வார்.

அடுத்த வாரம் என் மனைவிக்குப் பித்தப்பை அறுவை. அந்த மருத்துவமனையைச் சொன்னது நான்தான். "தங்கச்சி இருக்கா, உனக்கென்ன கவலை?" என்றேன். அறுவை முடிந்து வந்தவளுக்கு, நர்ஸ் முதல் பெட்டியில் ஒன்று அடித்தார், அடுத்ததில் இரண்டு. உடனே போர்வையைச் சரிசெய்யத் திரும்பிவிட்டார். திரையில் பன்னிரண்டு விழுந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான்.

"வலி குறையுதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் முகத்தில் படாமல் தூங்கட்டும் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவள் விரல்கள் தானாக விடும்வரை கையை எடுக்கவில்லை.

நான் ஒரு வரிகூட எழுதவில்லை இன்ஸ்பெக்டர் சார். எதையும் தொடவும் இல்லை.

அடுத்த அறையில் தங்கை 'அக்காவக் கொன்னுட்டேனே' என்று அழுவது இங்கே வரை கேட்கிறது. அவள் முன்னால் ஒரு கணினியை வையுங்கள். எண்ணாக மாற்றும் அந்தச் சின்ன வரியை அவளே எழுதட்டும். பிழை பிடிபடும்போது ஒரு மாணவியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?