எல் சைஸ் கழுத்து

பெருமாநல்லூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திடீரென்று சொன்னார்: “எம் சைஸ் பனியனுக்கு எல் சைஸ் கழுத்து வெச்சுட்டனுங்க.”

அவர் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மடியில் ஃப்ளாப்பி இருந்தது.

“எப்படிங்க?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“பனியன் வாங்குற பையர் ஆபீஸ்ல, வேர்ட்ஸ்டார்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல அடிச்ச அளவுப் பட்டியலுங்க. நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற வேர்டுல தொறந்தா எல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு. நானா அடுக்கி கட்டிங் மாஸ்டர்கிட்ட பிரிண்ட் குடுத்துட்டனுங்க. இப்ப திருப்பூர் ராயபுரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல வேர்ட்ஸ்டார்லயே போட்டுப் பாத்தா, நான் அடுக்குனதுல கழுத்தளவு ஒரு வரி தள்ளிப் போயிருக்குது.”

“பேப்பராவே வாங்கியிருக்கலாமில்லீங்க?”

“நாமளே திருத்திக்கலாம்னு நான்தானுங்க ஃப்ளாப்பி கேட்டேன்.”

“கம்பெனிக்குப் போன் பண்ணுனீங்களா?”

“லைன் கெடைக்கலீங்க. கட்டிங் மாஸ்டர் ஒம்பது மணிக்குத் துணிய வெட்ட ஆரம்பிச்சுருவாரு. மணி என்னங்க?”

பக்கத்திலிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.