மீற்றர் கூடத்தான் காட்டும்

"மோட்டச்சைக்கிள் மீற்றர் பொய்தான் சொல்லும், தங்கச்சி."

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த நரைத்த மனிதர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இப்படிச் சொன்னார்.

"என்ன பொய் அண்ணை?"

"எண்பது எண்டு காட்டேக்க உண்மையில எழுபத்திநாலுதான். என்ர மகன்தான் முதல் சொன்னவன். நான் பின்னால இருந்து, மெல்லப் போடா எண்டு கத்துவன். 'மீற்றர் கூடத்தான் காட்டுமப்பா' எண்டுவான். நான் நம்பேல்லை."

"இப்ப நம்புறியளோ?"

"போன வருசம் மாங்குளத்துக்கு இஞ்சால லொறியோட அடிபட்டவன். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேக்கயே உயிர் போயிட்டுது. மீற்றருக்கு ஒண்டும் நடக்கேல்லை. சைக்கிளைத் திருத்தி எடுத்தன். போனில வேகம் காட்டும்தானே, அதை முன்னால கட்டிக்கொண்டு கண்டி றோட்டில ஓடிப் பாத்தன். பிள்ளை சொன்னது சரி."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வீட்டில அக்காவுக்குச் சொன்னியளோ?"

"ஓம். அவன் பொய் சொல்லேல்லை எண்டு ஓடிப்போய்ச் சொன்னன். அவன்ர அம்மா குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டவா. என்னைத் திரும்பிப் பாத்து, 'அப்ப நீங்களும் எண்பதில ஓடினியளோ?' எண்டு கேட்டா."

"பிறகு?"

"சாவியைப் பறிச்சு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டா. அதுதான் இப்ப பஸ்ஸில திரியிறன்."